குழாயைத் திறந்தால் வெந்நீர்

எங்கள் வீட்டு பாய்லர் ஒரு மார்கழிக் காலையில் உயிரை விட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு நாலைந்து மாதம் ஆகியிருக்கும். வீட்டில் மாமனார், மாமியார், என் கணவர், நான். மாமனார் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார்; தீப்பெட்டி செய்கிற பட்டறையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கணவருக்கு வங்கியில் எழுத்தர் வேலை.

பாய்லர் என்றால் இடுப்பளவு உயரத்தில் ஒரு செம்புப் பானை. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழல் போகும். குழலுக்குள் நெருப்புப் போட்டால் சுற்றியிருக்கிற தண்ணீர் கொதிக்கும். பக்கவாட்டிலிருக்கிற பித்தளைக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற வீடுகளில் அடுப்புக்கரி போடுவார்கள். எங்களுக்கு ஆபீஸிலிருந்து ஒடிந்த குச்சிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மருந்து முக்காத வெறும் குச்சிதான். ஆனால் அதில் எப்போதாவது மருந்து முக்கிய குச்சியும் ஒரு கைப்பிடி கலந்து வந்துவிடும். அன்றைக்கு பாய்லர் புஸ்ஸென்று சீறி ஆள் உயரத்துக்குத் தீயைக் கக்கும். அத்தையின் முன்நெற்றி முடி எந்நேரமும் கொஞ்சம் பொசுங்கியே இருக்கும்.

அன்று காலை எத்தனை முறை பற்றவைத்தும் நெருப்பு அணைந்துகொண்டே இருந்தது. அத்தை குனிந்து பார்த்தார். குழலுக்குள்ளேயே ஓட்டை விழுந்து தண்ணீர் நெருப்பில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்த பாய்லர் அது. அழுதுவிடுவாரோ என்று பயந்து நான் ஓடிப்போனேன். முகமெல்லாம் சாம்பலோடு அத்தை நிமிர்ந்தார்.

"ஏட்டி, பாய்லர் போயிட்டு!" என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம் போல இருந்தது அவர் முகம்.

வருத்தப்பட்டது மாமாதான். "ஈயம் வச்சு அடைச்சா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து இதுக்குத் தீனி போட்டுட்டு கெடக்கேன். நீங்க அடைச்சுக் கொண்டாந்தீங்கன்னா, நாளையிலருந்து நீங்களே எந்திச்சு பத்த வைங்க."

இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர் போல என் கணவர் புகுந்தார். திருநெல்வேலியில் ஒரு கடையில் கரண்டு ஹீட்டர் பார்த்திருக்கிறாராம். சுவரில் மாட்டிவிட்டால் போதுமாம், சுவிட்சைப் போட்டால் குழாயில் வெந்நீராம்.

"ஏலே, கரண்டையும் தண்ணியையும் ஒண்ணாச் சேக்கப் போறியா?" என்றார் மாமா. "குளிக்கப் போனவன் கருவாடாத்தான் வெளிய வருவான்."

"வரட்டும்" என்றார் அத்தை. "போய் வாங்கிட்டு வா."

ஹீட்டரை வாங்க அவரோடு என்னையும் அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் மட்டுமாகப் போன முதல் பயணம் அதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிசல் காட்டில் பருத்தி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, எதற்குப் போகிறோம் என்பதையே மறந்துவிட்டேன். கடையில் அவர் ஹீட்டரைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். வெள்ளை எனாமல் பூசி, தொந்தியும் தொப்பையுமாக இருந்தது. முன்பக்கம் ஒற்றைக் கண் மாதிரி சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. கீழே கால்கள் போல இரண்டு குழாய்.

திரும்பும்போதுதான் வேடிக்கை. பஸ்ஸில் கண்டக்டர் மறித்துக்கொண்டார். "அண்ணாச்சி, சிலிண்டர்லாம் ஏத்தக் கூடாது."

"சிலிண்டர் இல்லைய்யா, வெந்நி போடுத மெசின்."

பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்துச் சாட்சி சொன்ன பிறகுதான் ஏற விட்டார். மேலே வைக்க இடமில்லை. கீழே வைத்தால் எனாமல் போய்விடும் என்று என் கணவர் பதறினார். கடைசியில் அதைத் தன் துண்டால் பொதிந்து என் மடியில் வைத்துவிட்டார்.

கயத்தாற்றில் பஸ் நின்றபோது என் சித்தி ஏறினார். கூட்டத்தில் என்னைப் பார்த்தவர், என் மடியையும் பார்த்தார். நான் துண்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தேன். சித்தி முண்டியடித்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, யார் பிள்ளை இது? இப்படி மூடி வச்சிருக்கியே, மூச்சு முட்டாதா?" என்று துண்டை விலக்கினார்.

ஒற்றைக் கண்ணோடு வெள்ளை வெளேரென்று அது சித்தியைப் பார்த்தது. சித்தி "யாத்தீ!" என்று பின்னால் சாய்ந்து ஒரு பெரியவரின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் சிரிப்பு ரொம்பச் சத்தமாக இருக்கும். "போற வீட்டுல சிரிப்பை அடக்கிக்கோ" என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பியிருந்தார். கோவில்பட்டி வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தேன். வயிறு வலித்தது.

மறுநாள் வயரிங் பார்க்கிறவர் வந்தார். பாதி நாள் குளியலறைச் சுவரைத் துளைத்து ஹீட்டரை மாட்டினார், வயர் இழுத்தார், குழாய் வைத்தார், சுவிட்சுப் பெட்டி வைத்தார். எல்லாம் முடிந்து என் கணவர் திறப்பு விழா நடத்துகிற மாதிரி குழாயைத் திருகினார். உஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது. அவ்வளவுதான்.

"இதுக்குத் தண்ணி எங்கருந்து வரும்?" என்று கேட்டார் அத்தை.

வயரிங்காரர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஹீட்டரைப் பார்த்தார். எங்கள் தெருவில் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். வருகிற அன்றைக்குக் குடம் குடமாகப் பிடித்து முற்றத்துத் தொட்டியில் நிரப்பிக்கொள்வோம். மாடியில் தொட்டி வைத்துக் குழாயில் இறக்குவது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத சங்கதி. வாங்கப் போனவர்களும் யோசிக்கவில்லை, மாட்ட வந்தவரும் யோசிக்கவில்லை.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். "இந்த ஊர்ல மனுசனுக்கே குடிக்கத் தண்ணியில்ல. இது சுவர்ல தொங்கிட்டு தண்ணி கேக்கு."

ஆனால் அத்தை விடுவதாக இல்லை. மாமாவுக்கு வேண்டிய ஒரு எண்ணெய் வியாபாரியிடமிருந்து மாமாவையே விட்டு ஒரு காலி பீப்பாய் வாங்க வைத்தார். கடலை எண்ணெய் வந்த இரும்புப் பீப்பாய். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி ஏற்றினோம். அதிலிருந்து குளியலறைக்குக் குழாய் இறங்கியது. இனித் தண்ணீர் ஏற்றுவதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வரிசையாக நின்றோம். கீழே மாமா தொட்டியில் மொண்டு கொடுப்பார். படிக்கட்டின் நடுவில் அத்தை. மேல்படியில் நான். பீப்பாய் பக்கத்தில் என் கணவர். குடம் கை மாறிக் கை மாறி மேலே போனது. காலிக் குடம் அதே வழியில் கீழே வந்தது. முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் மாமா அவசரப்படுத்த ஆரம்பித்தார். "ம், வாங்கு! ம், வாங்கு!" அத்தைக்குக் கோபம் வந்து வேகத்தைக் கூட்டினார். மேலே போகிற குடமும் கீழே வருகிற குடமும் என் கையில் ஒரே நேரத்தில் வந்து முட்டின. எதை விடுவது என்று தெரியாமல் நிறைகுடத்தை விட்டேன்.

அது அத்தையின் தோளில் பாதியைக் கொட்டி, படிப்படியாகத் துள்ளி இறங்கி, மிச்சத்தை மாமாவின் தலையில் கவிழ்த்துவிட்டு உருண்டது. மாமா அசையாமல் நின்றார். மீசையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"பச்சத் தண்ணியாத்தான் இருக்கு" என்றார். "இன்னும் சூடாகல போல."

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கையால் வாயைப் பொத்தினேன். விரலிடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. அப்புறம் யார் சொல்லியும் நிற்கவில்லை. தெருவுக்கே கேட்டிருக்கும். பயந்துபோய் அத்தையைப் பார்த்தால், அவர் ஈரப்படியில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டி முட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை சிரித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. என்னைவிடச் சத்தமான சிரிப்பு. அவர் ஓய்ந்தால் நான் ஆரம்பிப்பேன், நான் ஓய்ந்தால் அவர். மேலே இருந்து இவர், "என்ன ஆச்சு? குடம் எங்க?" என்று கேட்கக் கேட்க இன்னும் மோசமாயிற்று.

ஒருவழியாகப் பீப்பாய் நிறைந்தது. வீட்டுக்குப் பெரியவர் என்று மாமாவை முதலில் குளிக்கச் சொன்னோம். தண்ணீர் சூடானதும் ஷாக் அடிக்காமலிருக்க மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, அணைத்தாயிற்றா என்று தானே போய்ப் பார்த்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவுக்கு வெளியே மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். குழாய் திறக்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"ஏங்க, இருக்கீங்களா?" என்றார் அத்தை.

பதிலுக்கு உள்ளிருந்து பாட்டு வந்தது. சுருதி எங்கேயோ, பாட்டு எங்கேயோ. முடிந்த பாட்டையே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அத்தை கதவைத் தட்டத் தட்ட, "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்றாரே தவிர வரவில்லை. கடைசியாகக் கதவு திறந்தபோது மாமா தலைமுதல் கால்வரை பளபளவென்று மின்னினார். மீசை தீட்டியது போல் நின்றது. மேலெல்லாம் கடலை எண்ணெய் வாசம்.

"எண்ணெயும் வெந்நியும் சேந்தே வருதுட்டீ!" என்றார் அத்தையிடம். "தனியாத் தேய்க்க வேண்டாம்."

நாங்கள் மறுபடியும் படிக்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம்.

எண்ணெய் போகப் பீப்பாயைக் கொட்டிக் கழுவி, திரும்ப நிரப்பினோம். மறுநாள் விடியும்போது யாரோ என் தோளைத் தட்டினார்கள். அத்தை. உதட்டில் விரல் வைத்திருந்தார். குளியலறைச் சுவிட்சை அவரே போட்டிருந்தார். இந்த வீட்டில் எப்போதும் கடைசியாக, ஆறிப்போன மிச்சத்தில்தான் அவர் குளிப்பார். அன்று முதலில் போனார். வெகுநேரம் கழித்து, கூந்தலில் நீர் சொட்ட, முகம் சிவந்து வெளியே வந்தார்.

"சீயக்காய் உள்ள வச்சிருக்கேன். தலைக்கு ஊத்து. ஒண்ணும் மிச்சம் வைக்காத."

"மாமாவுக்கு? அவியளுக்கு?"

"அவிய ரெண்டு பேரும் தண்ணி ஏத்திக்கிடுவாக."

மிச்சம் வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினேன். பிறகு அத்தையும் நானும் ஈரத்தலையைத் துவட்டாமல் அடுப்படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். குளியலறையில் குழாய் உஸ்ஸென்றது. "ஏலே, தண்ணி வரல!" என்று மாமாவின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் அப்பாவும் மகனும் குடத்தோடு முட்டிக்கொள்கிற சத்தம் வந்தது. அத்தை காப்பியைக் கீழே வைத்துவிட்டார். கையில் வைத்திருந்தால் சிந்தியிருக்கும்.