சிவப்புப் பெயிண்டுக்குக் கீழே இருந்த விரிசல்

சைக்கிளை வெளியே எடுக்கும் முன் நான் முன் சக்கரத்தைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பேன். அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். "அப்பா சைக்கிளுக்கு ஜுரம் பார்க்கிறார்" என்று சின்னவள் ஒருநாள் சொன்னாள். சிரித்தால் பரவாயில்லை. அந்தப் பழக்கம் எதனால் வந்தது என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. லிங்கராஜபுரத்தில் ஒரே அறை உள்ள வீட்டில் இருந்தோம். பெரியவன் அம்மா வயிற்றில் ஆறு மாதம். நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். மேஸ்திரி வா என்றால் வேலை, வராதே என்றால் இல்லை. தினமும் போக வர சைக்கிள்தான்.

அந்த வருடம் ஒரு சைக்கிள் சங்கம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர் பந்தயம் வைத்தது. கியர் சைக்கிள்காரர்களுக்குத் தனி. எங்களைப் போல வேலைக்குப் போகிற சாதா சைக்கிள்காரர்களுக்குத் தனி. மட்கார்டையும் கேரியரையும் கழற்றிவிட்டு ஓட்டலாம். ஆறு பந்தயத்தின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தத்தில் முதல் ஐந்து இடத்தில் வருகிறவர்களை ஒரு பெரிய தொழிற்சாலை விளையாட்டு கோட்டாவில் வேலைக்குக் கூப்பிடும் என்றார்கள். நிரந்தர வேலை. ஒரே ஒரு பந்தயத்தை முடிக்காமல் விட்டாலும் அவ்வளவுதான், கணக்கில் பெயர் இருக்காது.

இன்னொரு விதியும் இருந்தது. முதல் வாரம் கொண்டுவந்த சைக்கிளையேதான் ஆறு வாரமும் ஓட்ட வேண்டும். நடுவில் யாராவது வெளிநாட்டு லேசான சாமானை மாட்டிவிடுவார்கள் என்று சந்தேகம். அதற்காக விசில் வைத்திருந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு இடத்தில் சிவப்புப் பெயிண்ட் வைத்தார். ஒன்று நடுச் சட்டத்தில். இன்னொன்று முன் போர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவட்டையின் தோளில். பெயிண்ட் இல்லாத சைக்கிள் கிளம்பும் கோட்டில் நிற்கக் கூடாது.

நாலு வாரம் முடிந்தபோது நான் நாலாவது இடத்தில் இருந்தேன். ஐந்தாவது இடத்தில் ஜீவனஹள்ளிப் பையன் ஒருவன். காலையில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுகிறவன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது. முதல் பந்தயத்திலேயே என்னோடு ஒட்டிக்கொண்டான். எதிர்க்காற்றில் கொஞ்ச தூரம் நான் முன்னால், கொஞ்ச தூரம் அவன் முன்னால் என்று மாற்றி மாற்றி ஓட்டுவோம். இறக்கம் வந்தால் மட்டும் எப்போதும் நான்தான் முன்னால். இரண்டாவது பந்தயத்தில் மழையில் நனைந்த தார் ரோட்டில் வழுக்கி விழுந்து முழங்கைத் தோல் போனதிலிருந்து அவனுக்கு இறக்கம் என்றாலே உதறல்.

"அண்ணா, உன் பின் சக்கரம் போற எடத்துலதான் என் முன் சக்கரம் போவும். நீ பள்ளத்துல எறங்குனா நானும் எறங்குவேன், சொல்லிட்டேன்" என்பான்.

நாலாவது பந்தயத்துக்கு மறுநாள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன் போர்க்கில் சிவப்புப் பெயிண்டின் கீழ் விளிம்பிலிருந்து முடி போல ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. நகத்தை வைத்தேன். நகம் உள்ளே மாட்டியது. இரும்பு விட்டிருந்தது.

போர்க் உடைந்தால் முன் சக்கரம் தனியே போகும், ஓட்டுகிறவன் முகம் தரையில் போகும். எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே அப்படிப் பல்லெல்லாம் போன ஒருவர் இருந்தார். வெல்டிங் வைக்கலாம். ஆனால் விரிசல் இருந்தது பெயிண்டின் அடியில். நெருப்புக் காட்டினால் பெயிண்ட் கருகிவிடும். புதுப் போர்க் மாட்டினாலும் பெயிண்ட் இருக்காது. பெயிண்ட் போனால் நாலு வார நேரமும் போச்சு. அப்படித்தான் நான் நினைத்தேன்.

விரலில் கிரீஸ் எடுத்துக் கோட்டின் மேல் தடவினேன். அதன் மேல் கொஞ்சம் மண். பார்த்தால் தெரியாது.

அன்றிலிருந்து வேலைக்கு பஸ்ஸில் போனேன். உங்கள் அம்மா கேட்காமல் விடவில்லை.

"இன்னாங்க, சைக்கிள் வூட்டுல நிக்குது, நீங்க பஸ்ல தொங்கிக்கினு போறீங்க?"

"பந்தயம் முடியற வரைக்கும் டயர் தேயக் கூடாது."

"டயருக்கு இருக்குற கவலை ஆளுக்கு இல்ல. ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறீங்க."

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் போகவிடமாட்டாள் என்று பயம். போகாவிட்டால் வேலை போய்விடும் என்று அதைவிடப் பயம்.

ஐந்தாவது பந்தயம் சமதளம். நாற்பது கிலோமீட்டரும் நான் சாலையைப் பார்க்கவே இல்லை, போர்க்கைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சை அடக்கினேன். முடித்தபோது கை விரல்களை ஹேண்டில் பாரிலிருந்து பிரிக்க முடியவில்லை. இடம் அதே நாலு. "இன்னாண்ணா, கல்யாணப் பொண்ணு மாதிரி தலை குனிஞ்சே வர்ற?" என்று பால்காரப் பையன் கேலி செய்தான். வீட்டுக்கு வந்து கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். கோடு வளர்ந்த மாதிரியும் இருந்தது, வளராத மாதிரியும் இருந்தது.

கடைசிப் பந்தயம் நந்தி மலை. தேவனஹள்ளியில் கிளம்பி, மலை ஏறி, மேலே திரும்பி, அடிவாரத்து ஊரில் முடிக்க வேண்டும். ஏற்றம் எனக்குப் பயமில்லை. சாதா சைக்கிளில் யாரால் அதை மிதித்து ஏற முடியும்? பாதி தூரம் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளத் தள்ள எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உச்சியில் கையிலிருந்த துண்டுச் சீட்டில் முத்திரை வாங்கித் திரும்பியதும் கீழே பார்த்தேன். பனி விலகி, வளைந்து வளைந்து ரோடு கிடந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

எங்கள் சைக்கிளுக்கெல்லாம் கம்பியால் இழுக்கிற ராடு பிரேக். முன் பிரேக் பிடித்தால் ஆளின் பாரம் முழுக்க முன் போர்க்கின் மேல் விழும். அதனால் பின் பிரேக்கை மட்டும் பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

"டேய், இன்னிக்கு நீ முன்னாடி போ" என்றேன்.

"ஏன், எதிர்க்காத்து வாங்க நான், தூங்கிக்கினே வர நீயா? நானே நடுங்கிக்கினு இருக்கேன், கலாய்க்காதண்ணா."

"இல்லடா, சைக்கிள் சரியில்ல."

"யார் சைக்கிள் சரியா கீது? என் செயின் பாரு, பாம்பு மாதிரி நெளியுது. கெளம்பு, கெளம்பு. ஆறாவது வர்றவன் கீழேர்ந்து ஏறி வந்துட்டான்."

பந்தயத்தில் ஒருவன் இன்னொருவனை முன்னால் போகச் சொன்னால் அது தந்திரம்தான். அவன் அப்படி எடுத்துக்கொண்டதில் தப்பில்லை. நான் விளக்கிச் சொல்லவில்லை. கிளம்பினேன். அவன் என் பின் சக்கரத்தை ஒட்டி வந்தான்.

முதல் வளைவு போனது. பின் பிரேக் கட்டை சூடாகி ரப்பர் நாற்றம் வந்தது. பின் பிரேக்கால் மட்டும் வேகம் அடங்கவில்லை. இரண்டாவது வளைவில் வேறு வழியில்லாமல் முன் பிரேக்கைத் தொட்டேன். கைக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். பின்னால் அவன், "சூப்பர்ணா, அப்படியே போ, அப்படியே போ!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் விழுந்தால் அவன் என் மேல் ஏறித்தான் விழ வேண்டும். ஒதுங்க இடமில்லை. இரண்டு வாரமாக என் பல், என் முகம், என் வேலை என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

இருந்தும் நான் நிற்கவில்லை. மூன்றாவது வளைவு வரை போனேன். மறுபடியும் 'டிக்'. இப்போது ஹேண்டில் பார் லேசாகத் துடித்தது. நான் கையைத் தூக்கி, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டே, செருப்புக் காலைத் தாரில் தேய்த்துச் சுவரோரம் போய் நின்றேன். அவன் என்னை உரசிக்கொண்டு போய்ப் பத்தடி தள்ளி நின்றான்.

"லூஸாண்ணா நீ? நடு எறக்கத்துல நிறுத்துற? இப்போ சுவர் மேல போயிருப்பேன்!"

போர்க்கை விரலால் காட்டினேன். அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து குனிந்தான். கட்டை விரலால் கிரீஸை வழித்தான். வழித்த விரலைப் பார்த்தான், மண்ணையும் கிரீஸையும் சேர்த்து யாரோ பூசியிருக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரமா தெரியும். தெரிஞ்சுக்கினே என்னைப் பின்னாடி வெச்சுக்கினு வந்த."

"முன்னாடி போன்னு சொன்னேனேடா..."

"கிராக்குன்னு சொன்னியா? ஒரே ஒரு வார்த்தை. சொன்னியா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சைக்கிளை எடுத்தான். முன்னால் பார்த்துப் போக யாரும் இல்லாமல், ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே தனியாக வளைவில் இறங்கி மறைந்தான்.

நான் நடந்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். "பஞ்சராண்ணா?" என்று ஒருவர் கேட்டார். தலையாட்டினேன். அடிவாரம் போய்ச் சேர்ந்தபோது முடிக்கும் நேரம் தாண்டி பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் பெரியவர் என் போர்க்கைப் பார்த்தார். இத்தனை வாரமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், தலையில் கை வைத்துக்கொண்டு, "கேளபேக்கித்தல்லப்பா" என்றார். கேட்டிருக்க வேண்டாமா என்று கன்னடத்தில் அர்த்தம். மூன்றாவது வாரத்திலேயே இரண்டு பேருக்கு உடைந்த சாமானை மாற்றவிட்டுப் புதுப் பெயிண்ட் வைத்துக் கையெழுத்துப் போட்டாராம்.

நான் கேட்கவே இல்லை. விசில் வைத்திருக்கிறவரிடம் போய்க் கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேள்வி கேட்டவனுக்கு மறுநாள் வேலை இருந்ததில்லை.

பால்காரப் பையன் மெதுவாக இறங்கியும் நேரத்துக்குள் முடித்திருந்தான். நான் கணக்கிலிருந்து போனதால் நாலாவது இடம் அவனுக்கு. பிறகு அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டான். அந்தப் போர்க்கை நான் மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டேன். இன்னும் எத்தனை தூரம் தாங்கியிருக்கும் என்று தட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

திரும்பும்போது சைக்கிள்களை ஒரு டெம்போவில் ஏற்றி, நாங்களும் ஏறிக்கொண்டோம். அவன் எதிர் மூலையில் உட்கார்ந்திருந்தான். ஹெப்பாள் கிட்டே வரும்போது தலையைத் தூக்கினான்.

"முதல் சத்தம் எங்க கேட்டுச்சு?"

"ரெண்டாவது வளைவுல."

"அப்புறம் ஏண்ணா மூணாவது வரைக்கும் போன?"

டெம்போவின் சத்தத்தில் கேட்காதது போல நான் வெளியே பார்த்தேன். பதில் எனக்குத் தெரியும். இரண்டாவது வளைவுக்கும் மூன்றாவது வளைவுக்கும் நடுவில், இன்னும் நாலு கிலோமீட்டர் தாங்கிவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பின்னால் அவன் வருகிறான் என்று தெரிந்தே போட்டேன். அவனிடம் அதை இதுவரை சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.