பெயரை மட்டும் எடுத்த செய்தி

மிருதுளாவுக்குக் கேள்வி கேட்பதென்றாலே நாக்கு வறண்டுவிடும். திருச்சியில் கல்லூரி போய்வந்த நாட்களில், "இறங்கணும், நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப் வரை போய்த் திரும்பி நடந்து வந்தவள். அப்படிப்பட்டவள் கொல்கத்தாவுக்கு வந்து இதழியல் முதுகலையில் சேர்ந்ததை வீட்டில் யாரும் நம்பவில்லை. படித்தால் பயம் போய்விடும் என்பது அவள் கணக்கு. இரண்டாவது செமஸ்டரிலும் அது போகவில்லை. பேட்டி எடுக்கப் போனால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறப்பாள். வகுப்பில் அவளுக்கு 'சாரி தீதி', அதாவது 'சாரி அக்கா' என்று பெயர்.

மாணவர்களே எழுதி அச்சிடும் ஆங்கிலப் பத்திரிகைக்கு அந்த முறை அவள் கொடுத்தது ஹவுராவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு பட்டறையைப் பற்றிய செய்தி. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று இயந்திரத்தில் கையைக் காக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டார்கள். மூன்று மாதத்தில் இரண்டு பெண்களுக்கு விரல் நசுங்கியது. இதை அவளிடம் சொன்னவள் அங்கே வேலை செய்யும் சௌந்தரம். ஈரோட்டுக்காரி, புருஷன் இல்லாதவள். ஒரே நிபந்தனைதான் போட்டாள்: "என்ற பேரு மட்டும் வரக்கூடாது அம்மிணி. வேற வேலை எனக்கு இங்க யாரு தருவா?"

மிருதுளா பெயரை எடுத்தாள். எடுத்தோமா என்று நாலு தரம் சரிபார்த்தாள்.

பத்திரிகை வந்த புதன்கிழமை, கேன்டீனில் கௌஷிக் அதை விரித்து வைத்துக்கொண்டு வங்காளத்து மைதாப் பூரியான லூச்சி தின்றுகொண்டிருந்தான். கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவனுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம்.

"சூப்பர் ஸ்டோரி. எங்கம்மாவாவது படிப்பாங்க, வேற யாரும் படிக்கலேன்னாலும்," என்றான். அப்புறம் விரலை ஒரு வரியில் வைத்தான். "ஆமா, 'தமிழ்நாட்டிலிருந்து வந்த நாற்பது வயதுப் பெண்'னு போட்டிருக்கியே. அந்த ஃபேக்டரில தமிழ் லேடீஸ் எத்தனை பேர்?"

மிருதுளா அந்த வரியை மறுபடி படித்தாள். சௌந்தரம் ஒருத்திதான். ஊர்ப்பாசத்தில் எழுதிவிட்ட வரி. இவ்வளவு தூரம் வந்து ஒரு தமிழச்சி உழைக்கிறாள் என்று பெருமையாக எழுதியது.

"சாப்பிட்டு முடிச்சுட்டு யோசிக்கலாம்," என்றான் கௌஷிக், அவள் முகத்தைப் பார்த்து. அவள் அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள்.

பத்திரிகைக்குப் பொறுப்பு ரஞ்சனா மேடம். அவர் குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே மிருதுளாவுக்கு அவரிடம் பயம். நடந்ததைச் சொன்னாள். எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும் என்றாள்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டா உன் ப்ராக்டிகலுக்கு மார்க் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"எத்தனை காப்பி வெளியே போச்சு?"

"நாப்பது."

"அப்ப போய்த் தேடு."

விடுதி, நூலகம், டீக்கடை என்று இரண்டு நாள் அலைந்து முப்பத்தேழு பிரதிகளைச் சேர்த்தாள். மூன்று கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஹவுராவுக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் சௌந்தரத்தைப் பட்டறைக்கு எதிர்ச் சந்துக்கு அழைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தரம் டிபன் டப்பாவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேரை எடுத்த, சரி. ஆளை எடுத்தியா?"

"இல்லக்கா."

"படிச்ச புள்ளைதான நீ." கோபத்தில் சொன்னதுபோலவும் இல்லை. அதுதான் மிருதுளாவை அதிகம் வாட்டியது.

"மன்னிச்சிருங்கக்கா."

"அதை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? எனக்கு போனு பண்ணாத. நானே பண்ணுவேன்."

நான்கு நாள் போன் வரவில்லை. பேருந்தில் கைப்பை அதிர்ந்தாலும் மிருதுளா போனை எடுத்துப் பார்த்தாள். வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. வியாழக்கிழமை காலை, பெஹாலாவில் தான் தங்கியிருந்த அறையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மேனேஜரு கூப்பிட்டாரு," என்றாள் சௌந்தரம். குரல் மெலிந்திருந்தது. "மேசையில அந்தப் பேப்பரு. இங்கிலீஷு படிக்கத் தெரியுமான்னாரு. தெரியாதுன்னேன். சரி, இதுல இருக்கறது நீதானன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாய் தொறக்கல. இல்லேன்னு சொன்னா, விரலு போனவளுங்களைப் புடிச்சுக்குவாரே. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு ஓனரு வர்றாராம். நான் போய் நிக்கணும்."

பின்னணியில் இயந்திரம் ஒன்று விட்டுவிட்டு இடிக்கும் சத்தம் கேட்டது.

"நீயும் வா," என்றாள் சௌந்தரம். "நான் உங்கிட்ட எதுவும் சொல்லலைன்னு பொய் சொல்ல வேண்டாம். எழுதுனது நீதான்னு மட்டும் சொல்லு. தடுப்பை எப்பக் கழட்டுனாங்கன்னு நீயே கேளு. எனக்கு அவரு முன்னாடி பேச்சு வராது."

மிருதுளாவுக்கு மட்டும் வருமா? ஓனரின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் தன்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. முடியாது என்று சொல்ல ஆயிரம் காரணம் தொண்டை வரை வந்தது.

"வரேன்க்கா," என்றாள்.

போனை வைத்த பிறகு குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிவிட்டு, ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டாள். அவசரமாகக் கிறுக்கியதில் கடைசி இரண்டும் அவளுக்கே புரியவில்லை. அவற்றை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.