ஏழாயிரத்து நூற்று நாற்பதுக்குப் பிறகு

ஒருமுறை நான் தரைத்தளத்தில் உட்கார்ந்து என் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை ஓங்கி மீட்டினேன். நாலாவது மாடிப் பல் மருத்துவமனையில் ஒருவருக்கு, மருத்துவர் கையே வைக்காமல், கடைவாய்ப்பல் கழன்று விழுந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் கீழே இறங்கி வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நம்ப வேண்டாம். அதில் முக்கால்வாசி நான் போட்ட மசாலா. ஆனால் இனிச் சொல்லப்போவதில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவைப்படவில்லை. முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். என் வாய்க்குத்தான் இதுவரை யாரும் முத்திரை வைத்ததில்லை. இது நடந்தது. என் மீது சத்தியமாக நடந்தது.

ஓய்வுபெற்ற ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறோம். பாடுகிறவருக்குப் பட்டப்பெயர் எக்கோ. மைக் கைக்கு வந்தால் "எக்கோவை கொஞ்சம் ஏத்துங்கப்பா" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. திங்கட்கிழமை ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பேஸ் சத்தம், மாடி வீட்ல கட்டிலை இழுக்கற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை மேடை. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா என் மருமகன் வாசிப்பான்."

மருமகன்! கிட்டாரைத் தொட்டு ஏழு மாதம் ஆகவில்லை. வேலையை விட்ட பிறகு எனக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருப்பது அந்த மேடையின் இடது மூலையில் மட்டும்தான். அதுவும் போனால்... சரி, ஒப்பாரி வேண்டாம்.

முதலில் கம்பிகளைக் கவனித்தேன். பழைய கம்பிகள் நான்கையும் கழற்றிச் சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். இடுக்குகளில் ஏறிய அழுக்கு இறங்கினால் மணிபோல ஒலிக்கும். பேஸ் வாசிக்கிறவர்கள் வெளியே சொல்லாமல் செய்கிற காரியம் இது. வீட்டுக்காரி வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

"உப்புப் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மணி நேரம் மணி ஒலித்தது. மறுபடி கட்டில். புதுக் கம்பிகள் வாங்கி மாட்டினேன். கட்டில் புதுசானது, அவ்வளவுதான்.

"கம்பில இல்ல மாப்ள கோளாறு. பிக்கப் செத்துப்போச்சு" என்றார் மச்சான்.

மச்சான் என் வீட்டுக்காரியின் அண்ணன். தொலைபேசி நிலையத்தில் ஒயர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் சொல்கிற எதையும் நம்பக்கூடாது என்று என் கல்யாணத்தன்றே முடிவெடுத்தவர். நான் மணி சொன்னால்கூடத் தன் வாட்சைப் பார்ப்பார்.

பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். அதைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்பு ஒயர் ஆயிரக்கணக்கான சுற்று. கம்பி அதிர்வதை அதுதான் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. சுற்று கூடக்கூட ஒலி கனக்கும், மீட்டரில் காட்டும் மின்தடையும் ஏறும்.

செவ்வாய்க்கிழமை காலை கிட்டார் ரிப்பேர் கடைக்குப் போனேன். நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. என்னுடையது அந்தக் காலத்து கிட்டார், குழி அளவே தனி. கடையிலிருந்த எந்தப் பிக்கப்பும் பொருந்தவில்லை. கடைசி இழுப்பறையின் அடியில், சிவப்பு டேப் சுற்றி, ஒன்றே ஒன்று கிடந்தது. வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"அது வேண்டாம் சார். அரைகுறை வேலை" என்றார்.

"பரவாயில்லம்மா, நானும் அப்படித்தான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன்.

அன்று மாலை மச்சான் பிக்கப்பை கிட்டாரில் பற்றவைத்துக் கொடுத்தார். மீட்டர் வைத்து அளந்து, தன் நோட்டில் எழுதினார். ஐந்து புள்ளி ஏழு கிலோ ஓம்.

"ரொம்பக் கம்மி. சுத்து பத்தாது. கொசு பாடற மாதிரிதான் இருக்கும்."

இருந்தது.

புதன்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். வெயில் ஜன்னல் வழியாக விழுந்து பாதி அறையை நிறைத்திருந்தது. வாசிப்பை நிறுத்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி சரியாக 2.10.

ஆம்ப்ளிஃபயரில் ஒரு குரல்.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்திரண்டு... நாப்பத்துமூணு..."

பெண் குரல். வயதான குரல். அவசரமில்லை, தயக்கமில்லை. பின்னணியில் சக்கரம் சுற்றுகிற ஓசை... சிர்ர்... சிர்ர்... தொண்ணூற்றொன்பது வந்ததும் நின்றது. ஒரு சின்னச் செருமல். பிறகு, "ஏழாயிரத்து இருநூறு."

மறுபடி ஒன்றிலிருந்து.

2.22க்கு நின்றது.

மச்சானுக்கு ஃபோன் செய்தேன். இரண்டிலிருந்து மூன்றரை வரை அவர் தூக்கம். பூகம்பம் வந்தாலும் நாலு மணிக்கு மேல் வரச் சொல்லுவார். நாலரைக்கு வந்தார்.

"பிக்கப்புக்கு மெழுகு போடல மாப்ள. மெழுகு போடாத பிக்கப் மைக் மாதிரி. பக்கத்து வீட்டுல யாரோ பாடம் சொல்லிக்குடுக்கறாங்க."

பக்கத்து வீடு பூட்டி ஆறு மாதம் ஆகிறது. அதைச் சொன்னதற்கு, "நீ சொல்றே" என்றார்.

அளந்தார். ஆறு புள்ளி ஒன்று.

"மீட்டர்ல பேட்டரி வீக்."

என்மேல்தான் சந்தேகம். தங்கையின் நகப்பூச்சை வாங்கி, பிக்கப்பின் திருகாணிகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வைத்தார். யாராவது திறந்தால் பூச்சு வெடித்துவிடும். ஊரெல்லாம் முத்திரை வைத்தவனுக்கே முத்திரை! எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் கம்பியை மீட்டிப் பார்த்திருந்தேன்.

ஒலி கனத்திருந்தது.

வியாழன், 2.10. விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. எட்டாயிரத்து எழுபதில் நின்றது. வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்தாள்.

"யாரு வந்துட்டுப் போனாங்க? பொம்பளக் குரல் கேட்டுதே?"

என்ன சொல்ல? ரேடியோ என்றேன். பொய் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

மச்சான் புது பேட்டரி போட்டு அளந்தார். ஆறரை. நோட்டில் எழுதினார். மீட்டரை இரண்டு தட்டுத் தட்டினார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளி. ஆம்ப்ளிஃபயரைப் போடவே இல்லை. ஒயரையும் பிடுங்கி வைத்தேன்.

2.10. மரத்துக்குள்ளிருந்து... சிர்ர்... சிர்ர்...

கிட்டாரில் காதை வைத்தேன். உள்ளே எண்ணிக்கொண்டிருந்தார்கள். எட்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து வரை.

அன்று மாலை அளவு ஆறு புள்ளி ஒன்பது. மீட்டினால், சுவரெல்லாம் நெஞ்சாகி மூச்சுவிட்டதுபோல் ஒலித்தது. நான் ஆயுசு முழுக்கத் தேடிய ஒலி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் அதைக் கழற்றி எறிந்திருக்கலாம். யாரோ எங்கிருந்தோ உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அந்த இடது மூலை வேண்டும். கழற்றவில்லை.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கே மச்சானுக்கு ஃபோன் செய்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் தூங்காதீங்க மச்சான். எனக்குப் பயமா இருக்கு."

"நீ பயந்த கதையை நாலு மணிக்குக் கேட்டுக்கறேன்."

வைத்துவிட்டார். வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். நானும் கிட்டாரும்தான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

2.10.

"முப்பத்தாறு... முப்பத்தேழு..."

குரலில் களைப்பு இருந்தது. நேற்றுவரை இல்லாத களைப்பு. இடையிடையே மூச்சு வாங்கியது.

2.15. எட்டாயிரத்து எழுநூறு.

ஒவ்வொரு எண்ணுக்கும் தடித்த கம்பி லேசாக நடுங்கியது. யாரும் தொடவில்லை.

2.19. எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். செருமல்.

வெயில் அப்படியே இருந்தது. அறை மட்டும் குளிர்ந்தது.

எண்ணி முடித்த பிறகு என்ன?

எழுந்து ஓட நினைத்தேன். ஓடவில்லை.

"தொண்ணூத்தேழு..."

சிர்ர்...

"தொண்ணூத்தெட்டு..."

சிர்ர்...

"தொண்ணூத்தொன்பது..."

சக்கரம் நின்றது.

என் தோளுக்குப் பின்னால் ஒரு செருமல். ஆம்ப்ளிஃபயரில் அல்ல. பின்னால்.

"ஒன்பதாயிரம்."

கத்தரிக்கோல் ஓசை. கிச்.

மணி 2.22.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், இப்படி இருந்தது, அப்படி இருந்தது என்று கதைவிட எனக்கு வராதா? பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

மாலை மச்சான் அளந்தது ஏழு புள்ளி மூன்று.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் முதல் பாட்டிலேயே எக்கோ திரும்பி என்னைப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எக்கோவைக் குறைக்கச் சொன்னார். மருமகன் கீழே உட்கார்ந்து கைதட்டினான். என் இடம் எனக்கே. ஆனால் அந்தக் கைதட்டலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. பாராட்டு என்னுடையதில்லை.

திங்கட்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மச்சானும் வந்தார். நான் புளுகுவதை நேரில் பிடிக்க.

கடைக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செருமலைச் செய்து காட்டினேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

"அது எங்கம்மா" என்றார். "நூறுக்கு ஒரு தடவை அப்படித்தான் செருமுவாங்க."

கடையின் பிக்கப்புகளையெல்லாம் சுற்றியது அந்த அம்மாதான். எண்ணிக்கைப் பொறியை நம்பாமல் வாய்விட்டே எண்ணுவாராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மதியம் இரண்டு பத்துக்கு.

"ஒன்பதாயிரம் சுத்தணும். ஏழாயிரத்து நூத்து நாப்பதுல நின்னுபோச்சு. நான்தான் ஒயரை முடிச்சுப் போடாம அப்படியே டேப்பை ஒட்டி வெச்சேன். முடிச்சுப் போட மனசு வரல சார்."

அவர் கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அம்மாவுக்குப் பாதில எந்திரிக்கிற பழக்கமே இல்ல."

மச்சான் குறுக்கிட்டார். "ஏழு புள்ளி மூணு கிலோ ஓம்னா எத்தனை சுத்தும்மா வரும்?"

"அம்மா சுத்தினதுன்னா ஒன்பதாயிரம்."

மச்சான் நோட்டைத் திறந்து தன் கையெழுத்தையே ஐந்து நாளுக்கும் மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு பூதக்கண்ணாடி வாங்கித் திருகாணிகளைப் பார்த்தார். நகப்பூச்சு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அவரே உடைத்தார். அவரே திறந்தார். கடைக்காரம்மா சிவப்பு டேப்பைப் பிரித்தார்.

டேப்பின் அடியில் ஒயரின் முனை நறுக்காக வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முடிச்சு. நடுவில் ஒரு சுழி.

"இது... வேலை முடிஞ்சா அம்மா போடற முடிச்சு" என்று சொல்லி, அவர் அழ ஆரம்பித்தார்.

நான் மச்சானைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷமாக என்னை நம்பாத மனுஷன், நோட்டை மூடி, மீட்டரைச் சட்டைப்பையில் வைத்தார்.

"மீட்டர் சரியாத்தான் இருந்திருக்கு, மாப்ள" என்றார். "நடந்திருக்கு."