ஜாபர் பாய் சொன்னதும் நான் மினிட்ஸில் எழுதினதும்

ஜாபர் பாய் இறந்துட்டாரு.

கிளாசுக்குக் கெளம்பிட்டு இருந்தேன். அவர் பொண்ணு சபீனா மெசேஜ் பண்ணியிருந்தா. "அத்தா சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கல மேடம்." அவ்வளவுதான்...

எங்க காலேஜ் கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தவரு. குமாரபாளையம் பக்கம் படிச்ச நிறைய பேருக்கு அவரைத் தெரியும். ரெக்கார்டு, அசைன்மென்ட், ஸ்பைரல் பைண்டிங்... எல்லாம் அங்கதான்.

ரெண்டு வரி இரங்கல் போட்டுட்டு நகர்ந்திருக்கலாம். முடியல.

ஒரு தடவை இன்டர்னல் எக்ஸாம் கொஸ்டின் பேப்பரை அவர் கடையில ஜெராக்ஸ் எடுத்துட்டு, ஒரிஜினலை மெஷின்லயே மறந்துட்டு வந்துட்டேன். அரை மணி நேரத்துல பாய் டிபார்ட்மென்ட்டுக்கே வந்துட்டாரு. கவர்ல போட்டு, நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடிச்சு.

"தலைப்பை மட்டுந்தான் பாத்தேனுங்க மேடம். உள்ள பாக்கல."

சபீனா அப்போ எங்ககிட்டதான் மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருசம். மறுநாள் அந்தப் பரீட்சையை அவளும் எழுதினா. மார்க் சுமார்தான்.

எங்க காலேஜ்ல ஒவ்வொரு டிகிரியோட தரத்தைப் பத்தியும் வெளியாளுங்ககிட்ட கருத்துக் கேக்க வருசா வருசம் ஒரு மீட்டிங் நடக்கும். ஸ்டேக்ஹோல்டர் மீட்டிங்னு பேரு. பழைய மாணவர் ஒருத்தர், வேலை குடுக்கற கம்பெனிக்காரர் ஒருத்தர், பெற்றோர் ஒருத்தர் இருந்தாகணும். குவாலிட்டி செல் வேலையை அப்போ நான்தான் பாத்தேன். பெற்றோருக்குப் பாய் பேரைச் சொன்னதும் நான்தான்.

நல்ல மனுசன்ங்கிறதுக்காக இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காரு, கூப்பிட்டா அஞ்சு நிமிசத்துல வந்துருவாரு... அதுக்காக.

மீட்டிங்ல மத்தவங்க ரெண்டு வார்த்தை பாராட்டிட்டு டீயை எடுத்துக்கிட்டாங்க. பாய் முறை வந்ததும் எந்திரிச்சு நின்னாரு. உக்காந்தே பேசுங்கன்னோம். உக்காரல.

"தப்பா நெனைக்காதீங்க. லேப்ல கிருமி வளக்கற இன்குபேட்டர் மெஷின் ஓடறதில்லைன்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. போன வருசத்து ரெக்கார்டைக் கொண்டாந்து எங்கடையிலதான் ஜெராக்ஸ் எடுக்குதுங்க. அதே ரீடிங், அதே படம். நானும் எடுத்துத் தாரேன், என் மேலயும் தப்பு இருக்குதுங்க. அந்த மெஷினை மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டா ஒருக்காவாவது கையில செஞ்சு பாக்குமுங்க."

ஹெச்ஓடி என்னைப் பாத்தாரு. நான் குனிஞ்சுக்கிட்டேன். "எழுதிக்கிறோம் பாய்"னு சொன்னேன்.

எழுதல. யார் என்ன பேசினாங்கன்னு பதிவு பண்ற அந்த மீட்டிங் மினிட்ஸை நான் முந்தின நாளே டைப் பண்ணி முடிச்சிருந்தேன்.

அதைவிடக் கேவலம்... டிபார்ட்மென்ட் பிரின்டர்ல டோனர் இல்லைன்னு, அந்த மினிட்ஸைப் பிரின்ட் எடுக்க அவர் கடைக்கே போனேன். கையெழுத்தையும் அங்கேயே வாங்கிரலாம்ல.

பாய் கண்ணாடி போட்டுக்கிட்டு நிதானமா படிச்சாரு. 'ஆய்வக வசதிகள் குறித்துப் பெற்றோர் பிரதிநிதி முழுத் திருப்தி தெரிவித்தார்.'

"நான் இப்படிச் சொல்லலீங்களே மேடம்."

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க பாய். இன்ஸ்பெக்ஷன் டீம் வந்தா காட்டறதுக்கு."

அவர் பேனாவை எடுக்கல. அப்போதான் நான் அதைச் சொன்னேன்.

"சபீனாவுக்கு இன்டர்னல் மார்க் நான்தானே போடறேன். பாத்துக்கறேன் பாய்."

மிரட்டணும்னு சொல்லலைன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிட்டு இருக்கேன். ஆனா அவர் முகம் மாறினதைப் பாத்தேன். பாத்துட்டும் பேப்பரை அவர் பக்கம் தள்ளினேன்.

கையெழுத்துப் போட்டாரு.

கோர்ஸுக்கு நல்ல கிரேடு வந்துச்சு. கேட்ல பேனர் கட்டினோம். டீம் வந்தன்னிக்கு இன்குபேட்டர்ல பச்சை லைட் எரிஞ்சுது... லைட் மட்டும்.

சபீனா டிகிரி முடிச்சு ஈரோட்டுல ஒரு லேபுக்கு வேலைக்குப் போனா. முதல் வாரமே சாம்பிளைப் பிளேட்ல போட்டு, இன்குபேட்டர்ல வெச்சு, ரிசல்ட் எழுதச் சொல்லியிருக்காங்க. இவ அதுவரைக்கும் ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல. "போய்க் கத்துக்கிட்டு வாம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் அத்தா கடையிலேயே உக்காந்து டைப்பிங் பண்ண ஆரம்பிச்சா.

அதுக்கப்புறம் நான் அந்தக் கடைக்குப் போகல. ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கக்கூடப் பள்ளிபாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி எடுத்தேன். கேட்ல பாக்கறப்பெல்லாம் பாய்தான் முதல்ல பேசுவாரு. "நல்லா இருக்கீங்களா மேடம்?" அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டதில்ல.

இன்னிக்கு அவங்க ஊட்டுக்குப் போயிருந்தேன். பாயோட சம்சாரத்துக்கு என்னை யாருன்னு தெரியல. சபீனாதான் காலேஜ் மேடம்னு சொன்னா.

அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"மீட்டிங்குல பேசணும்னு ஒரு வாரமா எழுதி எழுதிப் பாத்தாருங்க. என்ட்ட நாலு தடவை பேசிக் காட்டுனாரு. படிச்சவங்க முன்னாடி ஒளறிறக் கூடாதேன்னு பயந்துட்டே போனாரு. வந்து சொன்னாருங்க... அந்த மேடம் நான் சொன்னதை எழுதிக்கிட்டாங்கன்னு."

கையெழுத்துப் போட்ட கதையை அவர் ஊட்டுல சொல்லவே இல்ல.

நான் "ஆமாங்கம்மா"ன்னு சொன்னேன். அந்த எடத்துல உக்காந்துட்டு, திரும்பவும் பொய். சபீனா என்னைப் பாத்துட்டே நின்னா. அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல.

இதைப் படிக்கிற கலீக்ஸுக்கு எந்தக் காலேஜ், எந்த மினிட்ஸ்னு தெரியும். மேனேஜ்மென்ட்டுக்கும் தெரியட்டும். சபீனாவும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கா. அவளும் படிக்கட்டும்.

சாயங்காலம் அடக்கம் முடிஞ்சிருச்சு.

நீங்க நல்லாப் பேசினீங்க பாய். ஒரு எடத்துலகூட ஒளறல.

போய்ட்டு வாங்க.