கீழ் லென்ஸில் ஒட்டியிருந்த வாசலின்

"ஒரு முகம் எம்புட்டு நாளைக்கு மனசுல நிக்கும், பாப்பா?"

போன வருஷம் மரியசெல்வி அத்தை என்னிடம் இப்படிக் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலையில்லாமல் அலைந்த நான், எங்கள் தெருவில் இருக்கும் போட்டோகிராபர் கிளாரா அக்காவோடு ரெட்டியார்சத்திரம் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். "எம்மகன் மூக்கு எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு" என்றார் அத்தை. கிளாரா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்பதைத் திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னார்.

தொண்ணூறுகளில் கல்யாணப் பெண்ணைப் படமெடுக்க திண்டுக்கல்லில் பலரும் கிளாரா அக்காவைத்தான் தேடினார்கள். ஆண்களை உள்ளே விடாத பேகம்பூர் முஸ்லிம் வீடுகளிலும் அவர்தான். அவர் எடுக்கும் படத்தில் பெண்ணின் முகம் தெளிவாகவும் சுற்றிலும் பனி மூடியது போலவும் இருக்கும். லென்ஸ்மேல் மாட்டும் கண்ணாடி பில்டரில் நடுவை விட்டுவிட்டு, ஓரமாகச் சுண்டுவிரலால் வாசலின் தடவுவார். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பார். சேலைத் தலைப்பால் துடைக்கவே மாட்டார், தூசி கீறிவிடும் என்று.

1998 மே மாதம், நஜ்முன்னிசா என்ற பெண்ணின் நிக்காஹ் முடிந்து வந்த களைப்பில் பில்டரைக் கழற்றாமல் தூங்கிவிட்டார். விடிந்ததும் ஆள் வந்தது. மரியசெல்வியின் ஒரே மகன் இனிகோ, பதினாறு வயசு, மல்லிகைத் தோட்டத்து பம்ப்செட்டில் கரண்ட் அடித்து இறந்துபோனான். அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டியைச் சுற்றி நின்று குடும்பத்தோடு படமெடுப்பது எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் வழக்கம். வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது என்று அவசரப்படுத்தினார்கள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவருடைய கேமராவில் இரண்டு லென்ஸ். மேலே இருப்பதில் பார்க்க வேண்டும், கீழே இருப்பது படம் பிடிக்கும். பில்டர் கீழ் லென்ஸில் இருந்தது. மேலே பார்த்தவருக்கு எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. பஸ் சூட்டில் வாசலின் உருகி நடுக்கண்ணாடிக்கு வழிந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பிலிம் சுருளைக் கழுவிப் பார்த்தபோது இனிகோவைப் புதைத்தாகிவிட்டது.

படங்களை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதுல எம்புள்ள எங்கம்மா?"

"நடுவுல இருக்கான்க்கா."

"பொகைதானே இருக்கு."

இனிகோவின் தாய்மாமன் சூசை எட்டிப் பார்த்தார். "கல்யாண வீட்டுப் பூச்ச எழவு வீட்டுக்கும் பூசிட்டியா தாயி?"

அக்கா அதன்பிறகு பனிப்படம் எடுக்கவில்லை. கல்யாண வேலையெல்லாம் வேறு ஆட்களுக்குப் போனது. இப்போது பாஸ்போர்ட் படம்தான். மீதி நேரத்தில், அந்த வருஷங்களில் கல்யாணம் நடந்த வீடுகளைத் தேடிப் போகிறார். சித்தையன்கோட்டையில் அப்படியொரு வீட்டுக்கார லூர்தம்மாள் கேட்டாராம், "ஏத்தா, ஆல்பம் பாக்க வந்தியா, காப்பி குடிக்க வந்தியா?" "ரெண்டுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படத்திலும் பின்னால் நிற்கிறவர்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். அங்கேயும் இனிகோ இல்லை.

தோட்டத்துப் பூவைக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் இனிகோ. யாராவது எடுத்த ஏதாவது ஒரு படத்தின் ஓரத்திலாவது விழுந்திருப்பான் என்று அக்கா நம்புகிறார். மெலிந்த பையன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, பூக்கூடை. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் 1996 முதல் 98 வரை கல்யாணம் நடந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதைச் சொல்லி, அவர்கள் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களையும் மற்றவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். மரியசெல்வி அத்தைக்கு வயதாகிறது.