ஏக்கருக்கு இருநூறு மில்லி

எங்களை வீட்டில் வைத்தே படிக்கவைப்பது என்று அம்மா முடிவு செய்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்ற பாடம் ஒன்றுதான்: டீச்சர் நம்மிடமிருந்து ஒரு பொருளை எடுத்துப்போனால் நாம் தப்பு செய்திருக்கிறோம். தீப்பெட்டியில் நான் வளர்த்த பொன்வண்டு அப்படித்தான் போயிற்று. அதற்காக நான் ஒரு வாரம் அழுததும் அம்மாவின் முடிவுக்கு ஒரு காரணம்.

உத்திரமேரூர்ப் பக்கம் இப்படி ஒரு காரியத்தை அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை. ஊர் பேசியதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தையை அப்படி விட முடியாது. அப்பாவின் அக்கா, வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வருவேன், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லையென்றால் மறுநாளே என் பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அக்காவை எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை.

இயற்கைப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று அம்மா ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். செல்போன் குழுவில் யாரோ சொன்னதைக் கேட்டு வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைத் தருவித்தாள். வழவழப்பான காகிதம். பார்த்த பறவைக்கு டிக் போடக் கட்டம். அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் பதினைந்து நாள் அலைந்ததில் சிட்டுக்குருவிக்கு ஒரு டிக் விழுந்தது. மற்ற பறவைகள் எல்லாம் பனியில் உட்கார்ந்திருந்தன. எங்கள் ஏரியில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. தம்பி மட்டும் மனம் தளராமல் கொக்குகளை அன்னம் என்று டிக் போட்டுவந்தான். அடுத்து வாங்கிய தமிழ்ப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள். புளியமரமும் புங்கமரமும் அதில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

அப்போதுதான் உரம் வாங்கப்போன அப்பா, பூச்சிமருந்துக் கடையில் சும்மா கொடுத்த சார்ட் ஒன்றோடு வந்தார். நெல்லில் வரும் பூச்சிகள் அத்தனையும் கலர் படத்தில். கீழே எதற்கு எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு என்ற பட்டியல். விஷம் விற்கிறவன் அடித்த காகிதமா பிள்ளைகளுக்குப் பாடம் என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனால் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை மறைக்க அது தோதாக இருந்தது, மாட்டவிட்டாள். மறுநாளே அதில் நாலைந்து பூச்சிகளைக் கழனியில் நேரில் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்களை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை. தண்டுத் துளைப்பான் முட்டை வைத்த இலையைக் கிள்ளி வந்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டினோம். அம்மா காலண்டரில் தேதியை வட்டமிடச் சொன்னாள்.

சொன்னபடி அத்தை வந்தார். வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அன்னங்களின் கணக்கைப் பார்த்துவிட்டு மூடினார். எல்லோரையும் கழனிக்குக் கூட்டிப்போனார். வரப்பில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தது. அது என்ன என்று தம்பியைக் கேட்டார்.

"அடிச்சிடலாம் அத்தை. ஏக்கருக்கு இருநூறு மில்லி."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சார்ட்டைப் பொறுத்தவரை உலகத்து உயிர்கள் எல்லாம் ஏதாவது ஒரு மருந்துக்குக் கட்டுப்பட்டவை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா அவசரமாக மடையைப் பார்க்கப் போனார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நெல்லில் காய்ந்து நின்ற ஒரு குருத்தைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. அடியில் புழு குடைந்த இடத்தைக் காட்டி, அதன் தாய் மஞ்சள் அந்துப்பூச்சி என்பதையும், முட்டையின் மேல் பழுப்பு மயிரைப் போர்த்திவிட்டுப் போகும் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்று அத்தை கேட்டார்.

"சார்ட்டுல ஏழு நாள்னு போட்டுகீது அத்தை. ஆனா அது தப்பு. எங்க பாட்டில்ல ஆறே நாள்ல பொரிச்சிடுச்சி. நானே பாத்துக்கினு இருந்தேன்."

அத்தை அந்தக் குருத்தை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சார்ட்டைக் கழற்றினார். கத்தரிக்கோல் வாங்கி மருந்துப் பட்டியலை வெட்டி அப்பா கையில் கொடுத்தார். மீதியைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார்.

"இத்த நான் எடுத்துக்கினு போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

தலைமையாசிரியை ஒரு பொருளை எடுத்துப்போகிறார். இதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அம்மாவைத் தேடி அடுப்படிக்குப் போனேன். நின்றபடியே தட்டு நிறையச் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். எங்களை ஒழித்துக்கட்டிய நிம்மதி என்று நினைத்தேன். அன்று இரவு அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலை, பொத்தான் எட்டாத பழைய யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, தம்பிக்குப் பவுடர் பூசி வாசலில் நிறுத்தினேன். எங்கே புறப்பாடு என்று அம்மா கேட்டாள். பெயிலானவர்கள் எங்கே போவார்கள், அத்தையின் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்றேன். அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் அத்தை சார்ட்டைக் கொண்டுபோனார் என்று சொல்லி, என் யூனிஃபார்மைக் கழற்றிக் கரித்துணி மூட்டையில் போட்டாள்.

அம்மா அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து அத்தை பஸ் ஏறும்வரை பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை என்று வெகுநாள் கழித்து அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். அவள் தட்டை ஒதுக்கி வைத்ததை நானும் பார்த்திருந்தேன். ஏதோ விரதம் என்று இருந்துவிட்டேன். வீட்டில் மீன் குழம்பைக் கொதிக்கவைத்துவிட்டு எந்தச் சாமிக்கு விரதம் இருக்கிறாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.