நான் எழுதாமல் விட்ட ‘பி’

மூன்று வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து வந்த ரயிலிலிருந்து அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. அதற்கு ஒரு வாரம் முன்புதான் வெளிநாட்டில் நடந்த சர்வதேசத் துடுப்புப் படகுப் போட்டி ஒன்றில் இந்திய ஜெர்சி போட்டுக்கொண்டு கலந்துகொண்டிருந்தேன். பிளாட்பாரத்தில் என் மாமா மாலையோடு நின்றார். கூடவே பறை அடிக்க நாலு பேர். இறங்கிய ரயிலிலேயே திரும்ப ஏறிவிடலாமா என்று பார்த்தேன்.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கத்தில். கொள்ளிடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் வருஷத்தில் பாதி நாள் அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். எங்கள் வீட்டில் யாரும் படகில் ஏறியதில்லை. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அம்மா நான் படித்த அரசுப் பள்ளியிலேயே சத்துணவு சமைக்கிறார். நான் உயரமாக வளர்ந்துவிட்டதால் பள்ளியில் வாலிபால் ஆடினேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் கல்லூரி கிடைத்தது. அங்கே ஒரு கோச் என் கை நீளத்தைப் பார்த்துவிட்டு, படகு ஓட்டும் பயிற்சி மிஷினில் உட்கார வைத்தார். ஏழு நிமிடம் இழுத்து முடித்ததும் வாந்தி எடுத்தேன். மறுநாள் நானே போய் மறுபடி உட்கார்ந்தேன். அப்படித்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தேன்.

நான் ஓட்டுவது இரண்டு பேர் படகு. ஆளுக்கு இரண்டு துடுப்பு. என் கூட்டாளி ஒரு கேரளத்துப் பெண். இரண்டாயிரம் மீட்டர் போக வேண்டும். முடிவுக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் ஓட்டுவோம். அதனால் நமக்கு முன்னால் போகிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள். நாம் முந்தி வந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள்.

அந்தப் போட்டியில் செமி ஃபைனலில் ஆறு படகுகள். முதல் மூன்றுக்குத்தான் பதக்கம் தருகிற ஃபைனலில் இடம். நாங்கள் நாலாவதாக வந்தோம். ஒரு துடுப்பு வீச்சு தூரத்தில் அந்த மூன்றாம் இடம் போனது. இப்படி விடுபட்டவர்களுக்குத் தனியாக இன்னொரு ஃபைனல் வைப்பார்கள். அதற்கு ‘பி’ ஃபைனல் என்று பெயர். அதில் முதலாவதாக வந்தால் மொத்தத்தில் ஏழாவது இடம். பதக்கம் கிடையாது.

மறுநாள் காலை பி ஃபைனல். பாதி தூரத்தில் என் கண்ணுக்கு ஒரே ஒரு படகுதான் தெரிந்தது. அப்படியென்றால் ஐந்தாவது இடம். கூட்டாளி ஒரு சத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கால் எரிந்தது, தொண்டையில் ரத்த வாடை. இன்னொரு படகு கண்ணுக்குள் வந்தது. கடைசி இருநூறு மீட்டரில் மூன்றாவது படகும் வந்தது. மூன்றாவதாக முடித்தோம். என் வாழ்க்கையில் அதுவரை நான் ஓட்டியதிலேயே அதுதான் நல்ல ஓட்டம். இன்றைக்கும் அதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்.

கரைக்கு வந்து, உடம்பு நடுக்கம் நிற்பதற்குள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் எழுதினேன்: “ஃபைனல்ல மூணாவது வந்துட்டோம்.”

‘பி’ என்ற எழுத்து அதில் இல்லை. மறந்துபோய் விட்டேன் என்று சொன்னால் பொய். அனுப்பியபிறகு திரும்பப் படித்தேன். சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. ‘பி ஃபைனல்னா என்ன’ என்று ஒவ்வொருத்தருக்கும் விளக்க வேண்டுமே என்று ஒரு சலிப்பு. அதைவிட, அந்த ஒரு எழுத்து இல்லாமல் அந்த வரி பார்க்க நன்றாக இருந்தது. அதுதான் உண்மையான காரணம். அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் அணிக்கு அந்தப் போட்டியில் கிடைத்தது இரண்டே பதக்கம். ஆண்கள் நால்வர் படகுக்கு ஒரு வெள்ளி, தனிப்படகு ஓட்டியவருக்கு ஒரு வெண்கலம். அவர்கள் மேடை ஏறியபோது கீழே நின்று கை தட்டினேன்.

மாமா ஒரு போட்டோ கேட்டார். ஜெர்சியோடு நிற்கிற படத்தை அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை.

இனி அரியலூர் ஸ்டேஷன் கதைக்கு வருகிறேன். மாமா அம்மாவின் தம்பி. திருமானூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் முதல் முறை பயிற்சி கேம்புக்குப் போனபோது அப்பா தயங்கினார், என்னை ரயில் ஏற்றிவிட்டது மாமாதான். அவர் மாலையைப் போட்டு, “பதக்கத்த எடுத்துப் போட்டுக்க பாப்பா, ஊர்ல எல்லாரும் காத்துக் கெடக்காங்க” என்றார்.

பறை அடித்தவர்கள் மாமா ஓட்டி வந்திருந்த வேனின் பின்சீட்டில் ஏறினார்கள். நான் முன்சீட்டில் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழப்பழுவூர் தாண்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னேன். மூணாவதுதான், ஆனால் இரண்டாவது ஃபைனலில். மொத்தத்தில் ஒன்பதாவது. பதக்கம் இல்லை.

மாமா வண்டியை ஓரம் கட்டவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“கூட வந்தவங்களுக்குத் தெரியும் மாமா. இங்க யாருக்கும் தெரியாது.”

“அப்ப நீ ஒண்ணும் பேச வேணாம். சிரிச்சிட்டு உக்காந்திரு. நான் பாத்துக்கிறேன்.”

திருமானூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் எதிரே ஃப்ளெக்ஸ். பத்தடி உயரத்தில் நான். ‘சர்வதேசப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற எங்கள் மண்ணின் மகளே’ என்று கொட்டை எழுத்து. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் கழுத்தில் ஒரு பதக்கத்தையும் ஒட்டியிருந்தார். அதுவும் தங்க நிறத்தில். சிரிப்பு வரவேண்டிய விஷயம். எனக்கு வரவில்லை.

மதியம் பள்ளியில் பாராட்டு விழா. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தலைமையாசிரியை, எனக்குப் பாடம் எடுத்த இரண்டு டீச்சர்கள், சிறப்பு விருந்தினராக ஓர் அரசு அதிகாரி. மேஜைமேல் ஒரு மனு இருந்தது. பள்ளி மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த விழாவில் கொடுத்தால் நடக்கும் என்ற நம்பிக்கை. நாற்காலியில் உட்கார்ந்தபோது மேல் தாள் கண்ணில் பட்டது. ‘சர்வதேச அளவில் வெண்கலப் பதக்கம் வென்ற வீராங்கனை பயின்ற எம் பள்ளிக்கு’ என்றுதான் அது ஆரம்பித்தது. தூரத்தில் சமையல்கூட வாசலில் அம்மா நின்றார். நல்ல புடவை கட்டியிருந்தார், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைமையாசிரியை மைக்கில் பேசினார். நான் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது, உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்டது எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், “பதக்கத்தைப் பார்க்க எல்லோரும் ஆசையாக இருப்பீர்கள். அது பத்திரமாக டெல்லியில் இருக்கிறதாம், பிறகு வருமாம்” என்றார்.

மாமாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

நான் சொல்லாத பொய் ஒன்று, என் பெயரில் இத்தனை பேர் முன்னால் நடமாட ஆரம்பித்துவிட்டது. அதிகாரி மனுவைக் கையில் எடுத்துவிட்டார். சொல்லாவிட்டால் இனி எப்போதுமே சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் சுவர் போகும், மாமாவின் மானம் போகும், அம்மா நாளைக்கு இதே பள்ளியில்தான் உலை வைக்க வேண்டும். இதெல்லாம் மனசில் ஓடியது. ஆனால் பயமாக இல்லை. போட்டி தொடங்கும் கோட்டில் பஸ்ஸர் சத்தத்துக்காகக் காத்திருப்போமே, அப்போது உடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எழுந்து மைக்கை வாங்கினேன்.

“எனக்குப் பதக்கம் கெடைக்கல. டெல்லியிலயும் இல்ல, எங்கயும் இல்ல. நான் மெசேஜ் அனுப்பும்போது ஒரு விஷயத்த மறச்சிட்டேன். தப்பு என் மேல, எங்க மாமா மேல இல்ல.”

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகளில் பன்னிரண்டு பேரை எழுந்து வரச் சொன்னேன். ஆறு ஆறாக இரண்டு வரிசையில் நிற்க வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படகு. முதல் வரிசை பதக்கத்துக்கு ஓட்டுகிறவர்கள். இரண்டாம் வரிசை அந்த இடத்தைத் தவறவிட்டவர்கள். இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண்ணின் தோளில் கை வைத்து, “இதுதான் நான்” என்றேன்.

அந்தப் பெண் திரும்பி விரல்விட்டு எண்ணினாள். “அப்ப நீங்க ஒம்பதாவதாக்கா?”

“ஆமா.”

“முன்வரிசைக்கு ஏங்க்கா போவல?”

“செமி ஃபைனல்ல நாலாவது வந்தேன். மூணு பேருக்குத்தான் எடம்.”

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு நானே தரையில் உட்கார்ந்து, துடுப்பு எப்படிப் போடுவது, முதுகைக் காட்டிக்கொண்டு எப்படிப் போவது என்று செய்து காட்டினேன். ஐந்தாவதாக இருந்து மூன்றாவதாக வந்த கதையைச் சொன்னேன். ஒவ்வொரு படகாகப் பின்னால் போனதைச் சொல்லச் சொல்ல பிள்ளைகள் முழங்காலில் எழுந்து நின்றுவிட்டார்கள். எங்கள் ஊரில் படகுப் போட்டி என்றால் கேரளாவில் நூறு பேர் உட்கார்ந்து தள்ளுவதை டி.வி.யில் பார்த்ததுதான். இரண்டு பேர் படகு என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும்.

தலைமையாசிரியை அதிகாரியிடமிருந்து மனுவை வாங்கினார். முதல் வரியில் ‘வெண்கலப் பதக்கம் வென்ற’ என்பதைப் பேனாவால் அடித்தார். மேலே ‘ஒன்பதாம் இடம் பெற்ற’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பக் கொடுத்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டு பையில் வைத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மாமா அதற்குள் போய்விட்டிருந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து விழா பார்க்க வந்திருந்த ஆட்களில் சிலர் எழுந்து போனார்கள், ஒருவர் என் காதில் விழும்படியாகவே சிரித்தார்.

சமையல்கூடத்துக்குப் போனேன். அம்மா பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஆனால் அவர் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஏண்டி, ஒம்பதாவதுன்னு சொல்லியிருந்தா உன்ன வூட்டுக்குள்ள விடாமயா இருந்திருப்போம்?”

அந்த ஒரு எழுத்தை விட்டபோது நான் இவர்களைத்தான் குறைத்து எடைபோட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மூணாவது என்றால்தான் மதிப்பார்கள் என்று நானே முடிவு பண்ணியிருக்கிறேன். அம்மா ஒரு தட்டில் மீதமிருந்த சாம்பார் சாதத்தைப் போட்டுக் கொடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மாமா இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் நானே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களை ஊர் முன்னால் அப்படி நிற்க வைத்துவிட்டேன் என்றேன். வேலையை முடித்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் காட்டினார்.

ஃப்ளெக்ஸ் அங்கேயேதான் இருந்தது. ‘வெண்கலப் பதக்கம் வென்ற’ என்ற எழுத்துகளின் மேல் புதிதாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது. ‘ஒன்பதாம் இடம் பெற்ற.’ நிறம் கொஞ்சம் பொருந்தவில்லை. கழுத்தில் இருந்த பதக்கத்தின் மேல் தேசியக்கொடி ஸ்டிக்கர்.

“அவுத்துடச் சொன்னானுங்க. நான் எதுக்கு அவுக்கணும்? ஒலகம் பூராலேர்ந்தும் வந்து ஓட்டுன எடத்துல ஒம்பதாவது. இந்த ஸ்டாப்புல நிக்கிறவன் எவன் எதுல ஒம்பதாவது வந்திருக்கான்?” என்றார் மாமா. கோபம் முழுதாகப் போகவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் டீ சொன்னார்.

மழையில் கிழியும் வரை அது அங்கே நின்றது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், அது என்ன மேலே ஒட்டு என்று கேட்பார்களாம். மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஏ ஃபைனல், பி ஃபைனல் எல்லாம் விளக்குவாராம். எங்கள் பக்கத்தில் இந்த விளையாட்டைப் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்ல இப்போது ஆளில்லை. பள்ளிச் சுவர் ஒரு பக்கம் மட்டும் எழும்பியிருக்கிறது. மீதி இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கடுத்த வருடம் இன்னொரு சர்வதேசப் போட்டியில் நானும் என் கூட்டாளியும் பதக்க ஃபைனலுக்குள் நுழைந்தோம். ஐந்தாவது இடம். இந்த முறை கரைக்கு வந்ததும் ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பினேன். வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தார்களாம். யாரும் பதக்கம் எங்கே என்று கேட்கவில்லை.

பதக்கம் ஒரு நாள் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் வந்த இடத்தை வந்தபடியே சொன்னாலும் என்னை நிமிர்ந்து பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதில் வந்த தெம்பை, எந்தப் பதக்கமும் எனக்குத் தந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.